மரபணு என்றால் மரபா?: கோத்தகிரி டாக்டர் பதில்கள்

இந்த மாதத் தபால் கட்டைப் பிரித்ததும் சர்க்கரை, மூட்டுவலி, முடி உதிர்தல் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டேன். போன இதழில் ரத்தப்புற்று வகைகளைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதில் இருந்த சி.எம்.எல். (நாள்பட்ட மைலாய்டு ரத்தப்புற்று) என்ற மூன்றெழுத்தைப் பிடித்துக்கொண்டு குன்னூர், கூடலூர், கொடைக்கானல் என்று கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. ஓய்வுபெற்று இந்த மலைக்குத் திரும்பும் முன் சமவெளியில் ஓர் ஆய்வகத்தில் முப்பது வருடம் குரோமோசோம் எண்ணிப் பிழைத்தவள் நான். என் மேஜைக்கு அதிகம் வந்தது இந்த நோய்தான். ஆகவே இம்முறை வேறு எதுவும் கிடையாது. முடி உதிர்பவர்கள் ஒரு மாதம் பொறுக்க வேண்டும்.

கேள்வி: என் மகனுக்கு 31 வயது. வெள்ளை அணுக்கள் 1,80,000 இருந்தன. "பிலடெல்பியா குரோமோசோம் இருக்கிறது, மரபணுக் கோளாறு" என்று சொன்னார்கள். மகளுக்கு வரன் பேசி முடித்திருந்தோம். விஷயம் தெரிந்ததும் பையன் வீட்டார், பெண்ணுக்கும் அதே பரிசோதனை எடுத்துக் காட்டச் சொல்கிறார்கள். எங்கே எடுப்பது? இன்னொன்றும் மனதை அரிக்கிறது. இவன் வயிற்றில் இருந்தபோது, மருந்தடித்த தோட்டத்தில் கொழுந்து பறித்தேன். அதனால் வந்ததா? – ஒரு தாய், குன்னூர்.

பதில்: எங்கேயும் எடுக்காதீர்கள், அம்மா.

ஜீன் என்பதற்கு மரபணு என்று தமிழில் பெயர் வைத்தவர்கள் நல்ல வேலைதான் செய்தார்கள். ஆனால் அந்தச் சொல்லின் முன்பாதியில் 'மரபு' உட்கார்ந்திருக்கிறது. கேட்டவுடன் நமக்குத் தாத்தா, பாட்டி, குலம், கோத்திரம் எல்லாம் நினைவுக்கு வந்துவிடுகின்றன. மரபணுவில் கோளாறு என்றால் பரம்பரைக் கோளாறு என்றே ஊர் புரிந்துகொள்கிறது. இந்த நோயில் அது தவறு.

உங்கள் மகன் பிறந்தபோது அவனுடைய 46 குரோமோசோம்களும் ஒழுங்காகவே இருந்தன. பிறந்து பல வருடம் கழித்து, அவன் எலும்பு மஜ்ஜையில் இருக்கும் லட்சக்கணக்கான செல்களில் ரத்த அணுக்களுக்கெல்லாம் தாயான ஒரே ஒரு ஸ்டெம் செல்லில், 9ஆம் குரோமோசோமின் நுனியும் 22ஆம் குரோமோசோமின் நுனியும் முறிந்து இடம் மாறி ஒட்டிக்கொண்டன. அதில் குட்டையாகிவிட்ட 22தான் அவர்கள் சொன்ன பிலடெல்பியா குரோமோசோம். நம் ஊரில் பேரி மரத்துக்கு ஒட்டுக் கட்டுகிறோமே, அப்படி இரண்டு வேறு மரபணுக்கள் சேர்ந்து ஓர் ஒட்டு மரபணு ஆகிவிட்டது. அது உண்டாக்கும் புரதம் மூட முடியாத குழாய். 'பெருகு, பெருகு' என்ற உத்தரவு ஓயாமல் ஒழுகிக்கொண்டே இருக்கும். அந்த ஒற்றைச் செல்லின் வாரிசுகள்தான் நீங்கள் பார்த்த 1,80,000. அந்த ஒட்டு அவனுடைய ரத்தத்தை உண்டாக்கும் செல்களில் மட்டுமே இருக்கிறது. அவன் தோலில் இல்லை, விந்தணுவில் இல்லை. அப்படியிருக்க, அவனுடைய தங்கைக்கு அது எந்த வழியில் போகும்?

ரத்தத்தில் பரம்பரை நோய் எப்படி இருக்கும் என்பது நீலகிரிக்காரர்களுக்குத் தெரியும். அரிவாள் செல் சோகை அப்படிப்பட்டது. இந்தியாவில் அதை முதன்முதலாக 1952இல் லேமன், கட்புஷ் என்ற இருவர் கண்டு எழுதியதே இந்த மலையின் பழங்குடி மக்களிடம்தான். தாய், தகப்பன் இருவரும் அந்த மரபணுவைச் சுமப்பவர்கள் என்றால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. அங்கே கல்யாணத்துக்கு முன் பரிசோதனை கேட்பதில் அர்த்தம் இருக்கிறது. இங்கே இல்லை.

எடுத்தால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். நஷ்டம் உண்டு. இப்போதைய கருவிகள் மிகவும் நுட்பமானவை. எந்த நோயும் இல்லாத சிலருடைய ரத்தத்திலும் இந்த ஒட்டு மரபணுவின் சுவடு மிகச் சிறிய அளவில் தென்பட்டிருக்கிறது. அவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதேயில்லை. அப்படி ஒரு சுவடு உங்கள் மகளிடம் அகப்பட்டுவிட்டால், நோயில்லாத பெண்ணுக்கு நோயாளிப் பட்டம் கட்டிவிடுவார்கள். என்றாவது மருத்துவர்கள் அவளிடம் ரத்தம் கேட்டால், அது அண்ணனுக்கு ஸ்டெம் செல் கொடுக்கப் பொருந்துமா என்று பார்ப்பதற்காக இருக்கும். அதுவும் இப்போது அபூர்வமாகத்தான் தேவைப்படுகிறது.

மருந்தடித்த தோட்டத்தைப் பற்றி: இந்த நோய்க்குச் சந்தேகமில்லாமல் நிரூபிக்கப்பட்ட காரணம் ஒன்றே ஒன்று, பெரிய அளவிலான கதிர்வீச்சு. ஹிரோஷிமா, நாகசாகியில் 1945இல் உயிர் தப்பியவர்களிடம் இது கூடுதலாகத் தோன்றியது. மற்றபடி, நான் பார்த்தவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் காரணம் என்று எதையும் சுட்ட முடியவில்லை. செல் பிரியும்போது நேர்ந்துவிடுகிற விபத்து இது. கருவில் இருந்தபோது நடந்ததல்ல. கூடையில் கொழுந்து போடுங்கள். இதைப் போட்டுச் சுமக்காதீர்கள்.

பையன் வீட்டாருக்கு இந்தப் பக்கத்தைக் கிழித்து அனுப்புங்கள். அதன் பிறகும் ரிப்போர்ட் கேட்டார்கள் என்றால், வேறு வரன் பார்ப்பது உங்கள் மகளுக்கு நல்லது.

கேள்வி: என் ரிப்போர்ட்டில் இ13ஏ2 என்றும், என்னோடு ஒரே நாளில் பரிசோதித்துக்கொண்ட இன்னொருவருடைய ரிப்போர்ட்டில் இ14ஏ2 என்றும் இருக்கிறது. அவருடையது நல்ல வகை, உங்களுடையது மோசமான வகை என்று ஒருவர் சொல்லிவிட்டார். தூக்கம் போய்விட்டது. – கூடலூர் வாசகர், வயது 44.

பதில்: சொன்னவர் பாதி படித்தவராக இருக்க வேண்டும். முழுதும் படித்தவர்கள் இவ்வளவு உறுதியாகச் சொல்வதில்லை.

ஒரு தெளிவு முதலில். உங்கள் ரிப்போர்ட்டில் 'பி.சி.ஆர்.' இரண்டு இடத்தில் வரும். ஒன்று 22ஆம் குரோமோசோமில் இருக்கும் மரபணுவின் பெயர். மற்றது அதை அளக்கும் பரிசோதனையின் பெயர். ஆங்கிலத்தில் முதல் எழுத்து வேறு, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. என் உதவியாளர்களே குழம்பியிருக்கிறார்கள். எனவே மரபணுவை 'ஒட்டு' என்றே சொல்லிக்கொண்டு போகிறேன்.

ஒட்டுப் போடும்போது தண்டை எந்தக் கணுவில் வெட்டினோம் என்பதில் சிறு வேறுபாடு வரும் அல்லவா? உங்களுக்கும் அவருக்கும் உள்ள வேறுபாடு அவ்வளவுதான். அவருடைய புரதம் உங்களுடையதைவிட 25 அமினோ அமிலங்கள் நீளம். இந்த நோயுள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்த இரண்டில் ஒன்றுதான். இ14ஏ2 உள்ளவர்களிடம் மருந்து சற்று விரைவாகவும் ஆழமாகவும் வேலை செய்கிறது என்று பல ஆய்வுகள் காட்டின, உண்மை. ஆனால் அதனால் ஆயுள் கூடுகிறதா என்று பார்த்தால் விடை அவ்வளவு தெளிவாக இல்லை. இதை வைத்து ஒருவருடைய சிகிச்சையை யாரும் மாற்றுவதில்லை. வெட்டு வேறோர் இடத்தில் விழுந்து, பி190 என்ற குட்டைப் புரதம் மட்டும் உண்டாகும் அபூர்வ வகை ஒன்று இருக்கிறது. அதுதான் கவலைக்குரியது. உங்களுடையது அது அல்ல.

உங்களைப் பொறுத்தவரை முதல் நாளில் முக்கியமானவை பழைய சங்கதிகள்: வயது, மண்ணீரல் விலா எலும்புக்குக் கீழே எத்தனை சென்டிமீட்டர் இறங்கியிருக்கிறது, தட்டணுக்கள் எத்தனை, ரத்தத்தில் முதிராத பிளாஸ்ட் செல்கள் எத்தனை சதவீதம். இந்த நான்கையும் கணக்கில் போட்டு ஆபத்தின் அளவைச் சொல்லும் முறை 1984 முதல் இருக்கிறது. மண்ணீரல் அளவை மாத்திரை தொடங்கும் முன்பே எடுத்திருக்க வேண்டும். எழுதிவைத்தார்களா என்று சீட்டைப் பாருங்கள்.

அதைவிடவும் முக்கியமானது இனிமேல் வரும் எண்கள். ஒட்டின் அளவு மூன்றாம் மாதம் 10 சதவீதத்துக்குள், ஆறாம் மாதம் 1 சதவீதத்துக்குள், ஒரு வருடத்தில் 0.1 சதவீதத்துக்குள் வர வேண்டும். இந்தப் படிகளில் நீங்கள் இறங்கினால், மற்றவர் என்ன வகை என்பதை மறந்துவிட்டு அவரோடு டீ குடிக்கலாம்.

கேள்வி: என் வீட்டுக்காரர் நாலு வருடமாக இந்த நோய்க்கான இமாட்டினிப் மாத்திரை சாப்பிடுகிறார். எண் 0.03இல் இருந்தது. இந்த முறை 1.4 என்று வந்திருக்கிறது. 'மரபணு மாறிவிட்டதா என்று பார்க்க வேண்டும்' என்கிறார்கள். ஒரு தடவை மாறியதால்தானே நோய் வந்தது, மறுபடியும் மாறுமா? – கோத்தகிரி வாசகி.

பதில்: மாறும். ஆனால் அதற்கு முன் நான் கேட்கும் கேள்விக்கு உண்மையைச் சொல்ல வேண்டும், மாத்திரையை விட்டாரா?

கோபப்படாதீர்கள். எண் ஏறி வந்த பலரிடம் நான் கண்ட காரணம் மரபணு அல்ல, மாத்திரை அட்டை. உடம்பு தேறியதும் அலுப்பு வந்துவிடுகிறது. கண்ணைச் சுற்றி வீக்கம், கெண்டைக்கால் பிடிப்பு, குமட்டல். கல்யாண வீட்டுக்குப் போகும்போது வேண்டாம், திருவிழா முடியட்டும் என்று மாதத்தில் நாலைந்து நாள் நழுவும். வீட்டில் சொல்ல மாட்டார்கள். அலமாரியில் மிச்சம் இருப்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்; சண்டை போடுவதற்காக அல்ல, மருத்துவரிடம் சொல்வதற்காக.

அடுத்து, வேறு மருந்தோ பழமோ சேர்ந்ததா? கிரேப்ஃப்ரூட்டும் அதன் நெருங்கிய உறவான நம்முடைய பம்பளிமாஸும் இந்த மாத்திரையை உடம்பு கையாளும் விதத்தையே மாற்றக்கூடியவை. சில காசநோய், வலிப்பு மருந்துகள் மாத்திரையின் அளவை ரத்தத்தில் குறைத்துவிடும். கமலா ஆரஞ்சு தாராளமாகச் சாப்பிடலாம்.

மூன்றாவது, அந்த எண்ணே சரியா? இதில் எனக்கே சூடு பட்டிருக்கிறது. 2009 நவம்பர் மண்சரிவை மறந்திருக்க மாட்டீர்கள். சாலைகள் துண்டாகிக் கிடந்த அந்த வாரத்தில், மலையிலிருந்து ரத்தத்தோடு வந்த ஊதா மூடிக் குழாய் ஒன்று மூன்றரை நாள் கழித்து எங்கள் ஆய்வகத்தை அடைந்தது. இந்தப் பரிசோதனை அளப்பது ஆர்.என்.ஏ.வை, அதாவது மரபணுவிலிருந்து செல் எடுக்கும் நகலை. அது ஓரிரண்டு நாளிலேயே சிதையத் தொடங்கிவிடும். ஒட்டு 'கண்டறியப்படவில்லை' என்று வந்ததும் மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போட்டுவிட்டேன். மறுநாள் காலை என் உதவியாளர் பெண் காகிதத்தை மேஜையில் வைத்து, ரத்தம் கெடாமல் வந்ததா என்று காட்டும் கட்டுப்பாட்டு மரபணு என்ற வரியில் விரலை வைத்தாள். பத்தாயிரத்துக்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் சில நூறு மட்டும் இருந்தது. ரத்தத்தில் தேடுவதற்கே ஒன்றும் மிஞ்சவில்லை என்று பொருள். அதை நான் 'நோய் இல்லை' என்று வாசித்திருக்கிறேன். ரிப்போர்ட்டைத் திரும்பப் பெற்றேன், நோயாளியிடம் போனில் மன்னிப்புக் கேட்டேன். அன்றிலிருந்து அந்த வரியைப் பார்க்காமல் நான் எதையும் நம்புவதில்லை. நீங்களும் பாருங்கள். மழைக்காலத்தில் இங்கே ரத்தம் கொடுத்து அனுப்புவதைவிட, ஆளே மேட்டுப்பாளையம் தாண்டிப் போய்க் கொடுத்துவிட்டு வருவது நல்லது. எப்போதும் ஒரே ஆய்வகத்தில்.

இவை மூன்றும் இல்லையென்றால் உங்கள் கேள்விக்கு வருகிறேன். மாத்திரை அந்த ஒட்டுப் புரதத்தின் குழிவில் போய் அடைத்துக்கொண்டு அதை முடக்குகிறது. மரபணுவில் ஓர் எழுத்து மாறினால் போதும், குழிவின் வடிவம் மாறிவிடும். மரம் என்பதில் ஓர் எழுத்து மாறினால் மறம் ஆகிவிடவில்லையா? இவற்றில் பேர் பெற்றது டி315ஐ. அந்தப் புரதத்தின் 315ஆம் இடத்தில் திரியோனின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும். ஒரே எழுத்து மாறி ஐசோலூசின் வந்து வாசலில் நின்றுகொள்கிறது. இமாட்டினிப், டாசாட்டினிப், நிலோட்டினிப், போசுட்டினிப் ஆகிய நான்கு மாத்திரைகளுக்கும் உள்ளே இடம் கிடைக்காது. பொனாட்டினிப் நுழையும். அசிமினிப் புரதத்தின் வேறொரு குழிவில் போய் உட்காரும், அதனால் அதுவும் பயன்படும்.

எல்லா மாற்றமும் இவ்வளவு முரட்டுத்தனமானதல்ல. ஒய்253எச் என்றால் நிலோட்டினிப் வேண்டாம், டாசாட்டினிப் பார்க்கலாம். எஃப்317எல் என்றால் டாசாட்டினிப் வேண்டாம். அதனால்தான் மாத்திரையை மாற்றும் முன் அந்தப் பரிசோதனையைக் கேட்கிறார்கள். 1.4 என்பது 1 சதவீதத்தைத் தாண்டிய எண், தள்ளிப்போட வேண்டாம். பரிசோதனையில் எந்த மாற்றமும் அகப்படாமலும் போகலாம். அப்போது அட்டையை இன்னொரு தடவை எண்ணுங்கள்.

கேள்வி: அக்காவுக்கு மஜ்ஜைப் பரிசோதனையில் பிலடெல்பியாவோடு 'எட்டாம் குரோமோசோம் மூன்று' என்று வந்திருக்கிறது. பெரிய ஊரில் ஒருவர், எல்லா மரபணுக்களையும் வாசிக்கும் விலையுயர்ந்த பரிசோதனை செய்யச் சொல்கிறார். வேண்டுமா? – பள்ளி ஆசிரியை, கொடைக்கானல்.

பதில்: டீச்சர், இந்த மாதக் கடிதங்களில் உண்மையாகவே கவனம் தேவைப்படுவது உங்களுடையதுதான்.

பிலடெல்பியா மட்டும் இருக்கும்வரை நோய் நிதானமாக நடக்கிறது. மாத்திரை வருவதற்கு முன் அப்படி நாலைந்து வருடம் நடந்து, பிறகு திடீரென்று ஓடத் தொடங்கும். பிளாஸ்ட் செல்கள் பெருகி, கடும் ரத்தப்புற்றாகவே மாறிவிடும். ஓடுவதற்கு முன் குரோமோசோம்களில் கூடுதல் கோளாறுகள் சேரும். எட்டாம் குரோமோசோம் ஒன்று கூடுவது, பிலடெல்பியாவே இரண்டாகிவிடுவது, 19ஆவது கூடுவது, 17ஆவதின் நீண்ட கை இரட்டிப்பது ஆகிய நான்கையும் என் மேஜையில் பார்த்தால் நான் மருத்துவருக்குத் தபாலில் அனுப்ப மாட்டேன், போன் செய்வேன். மூன்றாம் குரோமோசோமில் வரும் ஒரு கோளாறும், ஏழாவது ஒன்று குறைவதும் இன்னும் கெட்டவை.

எத்தனை செல்களில் அந்தக் கூடுதல் எட்டு இருந்தது என்று கேளுங்கள். வழக்கமாக 20 செல்கள் எண்ணுவோம். சிகிச்சை தொடங்கும் முன்பே இருந்ததா, மாத்திரை சாப்பிடும்போது புதிதாக முளைத்ததா என்பது அதைவிடப் பெரிய கேள்வி. புதிதாக முளைத்தது என்றால் சிகிச்சை தோற்கத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். அக்காவுக்கு ஆரம்பத்திலேயே இருந்திருந்தால், பயந்து நடுங்க வேண்டாம். வீரியமான மாத்திரையில் தொடங்குவதா என்று யோசிப்பார்கள், அடிக்கடி பார்ப்பார்கள்.

அந்த விலையுயர்ந்த வாசிப்பில் ஏ.எஸ்.எக்ஸ்.எல்.1 என்ற மரபணுவில் மாற்றம் தெரியவரலாம். ஆரம்பத்திலேயே அது இருப்பவர்களுக்கு மாத்திரை அவ்வளவு நன்றாகக் கேட்பதில்லை. நோய் ஓடத் தொடங்கிய பின் ஆர்.யு.என்.எக்ஸ்.1, ஐ.கே.இசட்.எஃப்.1 போன்றவையும் சேரும். ஆனால் நிதானக் கட்டத்தில் இருக்கும் எல்லோருக்கும் இது கட்டாயம் என்ற நிலை இன்னும் வரவில்லை. உங்கள் அக்காவின் நிலையில் ஒருவர் கேட்டால் அதில் நியாயம் உண்டு. என் கருத்து இது: மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய சாதாரணப் பரிசோதனைக்குப் பணம் ஒதுக்கியது போக மிச்சம் இருந்தால் செய்யுங்கள். அதற்குக் கைவைத்து இதைச் செய்ய வேண்டாம்.

கேள்வி: இந்த மாத்திரை ஒரு காலத்தில் லட்ச ரூபாய் என்று கேள்விப்பட்டேன். எங்களுக்கு எப்படிக் கட்டும்? – லயன் வீட்டுவாசி, கூடலூர்.

பதில்: கேள்விப்பட்டது உண்மை. இமாட்டினிப் 2001இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மூல நிறுவனமான நோவார்ட்டிஸ் 1998இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது நம் சென்னை அலுவலகத்தில்தான். 2006இல் அங்கே மறுக்கப்பட்டு, வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், 2013 ஏப்ரல் 1 அன்று நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பானது. தெரிந்த மருந்தின் புது வடிவம் என்பதற்காக மட்டும் காப்புரிமை தர முடியாது என்பது தீர்ப்பின் சாரம். அதனால்தான் உள்நாட்டு மாத்திரை கைக்கு எட்டும் விலையில் கிடைக்கிறது. அரசு மருத்துவமனையின் புற்றுநோய்ப் பிரிவில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையோடு போய்க் கேளுங்கள். கடன் வாங்கும் முன் அதைச் செய்யுங்கள். இமாட்டினிப்பில் தொடங்கியவர்களைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்த பெரிய ஆய்வில் 83 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். நான் வேலையில் சேர்ந்த காலத்தில் இதைச் சொன்னால் சிரித்திருப்பார்கள்.

கேள்வி: ஆறு வருடமாக எண் 0.01க்கும் கீழே. மாத்திரையை நிறுத்தலாமா? – உதகை வாசகர்.

பதில்: நீங்களாக அல்ல. மருத்துவர் சம்மதித்து நிறுத்துகிறவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது, பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள். திரும்பினாலும் மாத்திரையைத் தொடங்கியதும் ஏறக்குறைய எல்லோருக்கும் அடங்கிவிடுகிறது. நிபந்தனை, ஆரம்பத்தில் மாதந்தோறும் பரிசோதனை. மாதம் தவறாமல் மலையிறங்கத் தயாரா என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

கேள்வி: உயரமான இடத்தில் வாழ்வதால் வெள்ளை அணுக்கள் கூடுமா? – பண்ணைக்காடு.

பதில்: சிவப்பணு வேண்டுமானால் கொஞ்சம் கூடும். வெள்ளை அணுக்கள் ஒரு லட்சத்தைத் தாண்டினால் மலையின் மேல் பழி போடாமல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். அந்தக் குரோமோசோமுக்கு ஏன் ஊர்ப் பெயர்? – குன்னூர் மாணவி.

பதில்: கண்டுபிடித்த ஊர் அது. 1960இல் பிலடெல்பியாவில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்டு இருவரும் இந்த நோயாளிகளின் செல்களில் குட்டையான ஒரு குரோமோசோமைப் பார்த்தார்கள். நோவெல் கண்ணாடித் தகட்டைச் சாதாரணக் குழாய்த் தண்ணீரில் கழுவியதால் செல்கள் உப்பி, குரோமோசோம்கள் விரிந்து தெரிந்தன என்பார்கள். குறைந்த துண்டு எங்கே போனது என்று பதின்மூன்று வருடம் யாருக்கும் தெரியவில்லை. சிகாகோவில் ஜேனட் ரௌலி என்ற பெண் மருத்துவர், புகைப்படங்களைக் கத்தரித்துத் தன் சாப்பாட்டு மேஜையில் பரப்பி ஜோடி சேர்த்துப் பார்த்தார். 22இல் காணாமல் போனது 9இன் நுனியில் ஒட்டிக்கொண்டிருந்தது. 1973இல் வெளியிட்டார். அம்மா காகிதப் பொம்மை வைத்து விளையாடுகிறாள் என்று அவருடைய பிள்ளைகள் கேலி செய்தார்களாம்.

நானும் அப்படி விளையாடித்தான் சம்பளம் வாங்கினேன். கம்ப்யூட்டர் வருவதற்கு முன் கத்தரிக்கோலும் கோந்தும்தான் எங்கள் கருவிகள். பழைய அட்டைகள் சில, பெயர்களைக் கிழித்துவிட்டு, இன்னும் என்னிடம் இருக்கின்றன. விடுமுறையில் ஆசிரியரோடு வந்தால் காட்டுகிறேன். இந்த ஊர் ஈரத்தில் கோந்து விட்டுப்போய் ஓர் அட்டையில் ஒரு 22 உதிர்ந்துவிட்டது. பெட்டியின் அடியில் எங்காவது கிடக்கும், தேட உன் கண் உதவும்.